நானூறு விடைத்தாளைத் திருத்திய மூவர்

மட்டியூர்க் கலைக்கல்லூரியில் மாசிலாமணியைவிடப் பொறுப்பான ஆள் கிடையாது. சொன்னதைச் செய்வார், சொன்ன மாதிரியே செய்வார். பதினோரு வருஷமாகத் தற்காலிக விரிவுரையாளர். நுழைவுத்தேர்வு வேலையை ஒழுங்காக முடித்தால் வேலை நிரந்தரம் என்று முதல்வர் எஸ்தரம்மா சொன்னதிலிருந்து அவருக்குத் தூக்கமே இல்லை.

கல்லூரியில் இருப்பது அறுபது இடம். நானூறு பிள்ளைகள் நூறு கேள்விக்குப் பென்சிலால் வட்டம் கறுத்துக் கொடுத்திருந்தார்கள். எஸ்தரம்மா மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பும் அவசரத்தில் மூன்று வரி எழுதிக் கொடுத்தார்: 'விடைத்தாள்களைத் திருத்தவும். சரியான விடைக்கு நாலு மதிப்பெண் போடவும். தப்பான விடைக்கு ஒன்று கழிக்கவும்.'

துணைக்கு ஏகாம்பரமும் கமலவேணியும். அவர்களும் தற்காலிகம்தான்.

"முதல் தாள்லயே எழுபது தப்பு சார்!" என்றாள் கமலவேணி.

"அதனாலதானே திருத்தச் சொல்லியிருக்காங்க," என்றார் மாசிலாமணி.

மூவரும் ரப்பரை எடுத்தார்கள். தப்பான வட்டத்தை அழித்தார்கள், சரியான வட்டத்தைக் கறுத்தார்கள். இரண்டு நாளில் விரலெல்லாம் வீங்கிப்போனது. நானூறு தாளிலும் நூற்றுக்கு நூறு சரி.

அப்போதுதான் ஏகாம்பரத்துக்குச் சந்தேகம் வந்தது. "தப்புக்கு ஒண்ணு கழிக்கணுமே. தப்பே இல்லியே?"

மாசிலாமணி அந்த மூன்று வரியையும் மறுபடி மறுபடி படித்தார்.

"அம்மா எழுதிட்டாங்க. கழிச்சே ஆகணும்," என்றார் மாசிலாமணி கடைசியில்.

"அப்போ ஆளுக்கொரு தப்பு நாமே போட்டுடலாம் சார். யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாம," என்றாள் கமலவேணி.

அப்படியே செய்தார்கள். நானூறு பேருக்கும் முந்நூற்றுத் தொண்ணூற்றைந்து. நம்ம பிள்ளைகள் இவ்வளவு கெட்டிக்காரர்களா என்று மாசிலாமணிக்குக் கண் கலங்கிவிட்டது.

திங்கள் காலை வந்த எஸ்தரம்மா பட்டியலைப் பார்த்தார், விடைத்தாள்களையும் புரட்டிப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார். பத்து மணிக்கு அதை ஒட்டியாக வேண்டும். கேட்டுக்கு வெளியே பெற்றோர் கூட்டம்.

"பாவிங்களா! பிள்ளைங்க எழுதினதையே அழிச்சிட்டீங்களே. இனி எங்கே போய்த் தேடுவேன்?"

"எங்கேயும் போக வேண்டாம்மா," என்றார் மாசிலாமணி பெருமையாக. "அழிச்ச தூள் பத்திரமா இருக்கு. பதிவு எண் போட்டுத் தனித்தனிப் பொட்டலம்."

எஸ்தரம்மா கடிகாரத்தைப் பார்த்தார். வேறு வழி தெரியவில்லை. தூள் அதிகமென்றால் தப்பு அதிகம். தூள் குறைச்சலென்றால் நல்ல ரேங்க். வேதியியல் கூடத்துத் தராசு வந்தது. மேஜை நீளத்துக்குப் பொட்டலங்களைப் பிரித்து வைத்தார்கள்.

ஏகாம்பரம் தும்மினார்.

ஒரே தும்மலில் முப்பத்தெட்டு பேர் முதல் ரேங்க் வந்துவிட்டார்கள். மாசிலாமணி அதை ஒழுங்காகப் பதிவேட்டில் குறித்துக்கொண்டார்.

சேதி எப்படியோ கேட்டுக்கு வெளியே போய்விட்டது. மறுநாள் மறுமதிப்பீடு கேட்டு வந்த பெற்றோர் வரிசை பஸ் ஸ்டாண்டு வரை நீண்டது. ஒருவர் கையிலும் மனு இல்லை. ஆளுக்கொரு மூக்குப்பொடி டப்பா.