பானகத்தோடு போட்டி போட்ட கஷாயம்

மாங்குளத்துச் சீமையை ஆண்ட கொற்றவேல் ராஜாவுக்கு இரண்டு எதிரிகள். ஒருவன் வடக்கே இருந்த பாளையக்காரன். அவனை ராஜா ஒரே வாரத்தில் அடக்கிவிட்டார். இன்னொன்று நீரிழிவு. அது அடங்குகிற வழியாக இல்லை. காலில் பட்ட சின்னக் காயம் மூன்று மாதமாகியும் ஆறவில்லை. காரணம் அரண்மனையில் எல்லோருக்கும் தெரியும். மடைப்பள்ளி அதிகாரி தாண்டவராயர் நாளுக்கு நாலு வேளை பெரிய சொம்பில் சுக்கும் ஏலமும் தட்டிப் போட்ட வெல்லப் பானகம் கரைத்து அனுப்புவார். ராஜா நாலு வேளையும் சொம்பைக் காலி செய்துவிட்டுத்தான் கீழே வைப்பார்.

அரண்மனை வைத்தியர் சித்தாண்டி இதைப் பார்த்துப் பார்த்து நொந்துபோனவர். ஆவாரம்பூவை நிழலில் உலர்த்தி, சுக்கும் ஏலமும் தட்டிப் போட்டு, எட்டுப் பங்கு தண்ணீர் ஒரு பங்காகச் சுண்டும்வரை காய்ச்சி, தானே எடுத்துக்கொண்டு போவார். ராஜா ஒரு மிடறு குடிப்பார். மீதியை ஜன்னலுக்கு வெளியே நின்ற செம்பருத்திச் செடி குடிக்கும். செடி நல்ல ஆரோக்கியமாக இருந்தது.

தாண்டவராயருக்கு வைத்தியர் மேல் தனியாகப் பகை ஒன்றும் கிடையாது. வைத்தியர் முப்பது வருஷமாக வளர்த்த மூலிகைத் தோட்டத்தின் மேல்தான் கண். அங்கே வாழை போட்டால் மடைப்பள்ளிக்கு இலைக் கஷ்டமே இருக்காது என்று அவர் கணக்குப் போட்டிருந்தார். ஒருநாள் ராஜா முகம் சுளிக்கும் சமயம் பார்த்து, வாய்க்கு ருசியாக ஒரு கஷாயம் போடத் தெரியாதவரை எதற்கு வைத்திருக்கிறோம் என்று மெதுவாகக் காதில் ஊதிவிட்டார்.

ராஜாவும் யோசித்தார். பிறகு வைத்தியரைக் கூப்பிட்டார்.

"நாளை உச்சிவேளைக்குள் உமது கஷாயமும் தாண்டவராயர் பானகமும் எனக்கு ஒரே ருசியாக இருக்க வேண்டும். இல்லையென்றால் நீர் ஊரைப் பார்த்துக் கிளம்பலாம். தோட்டம் மடைப்பள்ளிக்கு."

சித்தாண்டி நேரே தோட்டத்துக்குப் போய் ஆவாரஞ்செடி ஓரமாக உட்கார்ந்துவிட்டார். கஷாயத்தில் வெல்லத்தைக் கொட்டினால் உத்தியோகம் தங்கும், ராஜாவின் கால் தங்காது. கொட்டாவிட்டால் தோட்டமே போய்விடும். அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

அந்த வழியாக வந்தவர் கூத்தபிரான். ராஜசபையில் அவருக்கு என்ன வேலை என்று யாருக்கும் சரியாகத் தெரியாது. ஆனால் அவர் இல்லாமல் ஒரு வேலையும் நடக்காது. விஷயத்தைக் கேட்டுக்கொண்டார். ஆறுதலாக ஒரு வார்த்தை சொல்லவில்லை. தோட்டத்தைச் சுற்றிப் பார்த்து, ஒவ்வொரு செடியும் எதற்கு என்று விசாரிக்க ஆரம்பித்தார். துளசி சளிக்கு, தூதுவளை இருமலுக்கு, நிலவேம்பு காய்ச்சலுக்கு என்று வைத்தியர் சுரத்தில்லாமல் சொல்லிக்கொண்டே வந்தார். வேலியில் படர்ந்திருந்த ஒரு கொடியைக் காட்டியதும், அது சிறுகுறிஞ்சான், அதுவும் நீரிழிவுக்குத்தான் என்று சொல்லி, அதன் குணம் முழுவதையும் சொன்னார்.

கூத்தபிரான் அங்கேயே நின்றுவிட்டார். "நாளைக்குக் கஷாயத்தை எப்போதும் போலவே போடும், வைத்தியரே. வெல்லம் பக்கமே போகாதீர். அதோடு இந்த இலையில் நாலு பறித்துக்கொண்டு வாரும்."

மறுநாள் உச்சிவேளை. சபை நிறைந்திருந்தது. தாண்டவராயர் அன்றைக்கு என்று பானகத்தில் இரட்டை வெல்லம் போட்டிருந்தார். வைத்தியர் இலையை நீட்டி, கஷாயத்துக்கு முன்னால் இதை நன்றாக மென்று விழுங்குவது மருந்துண்ணும் முறை என்றார். முறை என்று சொன்ன பிறகு ராஜாவும் மறுக்க முடியவில்லை. மென்றார். பிறகு கஷாயத்தைக் குடித்தார்.

"சுக்குத் தண்ணீர்" என்றார்.

தாண்டவராயருக்குப் பொறுக்கவில்லை. கஷாயத்தின் ருசி நாக்கில் இருக்கும்போதே பானகத்தையும் குடித்துப் பார்க்கும்படி ராஜாவிடம் அவரே சொம்பை நீட்டினார். ராஜா குடித்தார். நிறுத்தினார். இன்னொரு வாய் குடித்தார்.

"இதுவும் சுக்குத் தண்ணீர்தான். தாண்டவராயரே, வெல்லம் போட மறந்துவிட்டீரா?"

இரட்டையாகப் போட்டேன் என்று தாண்டவராயர் சத்தியம் செய்தார். தானும் ஒரு வாய் ஊற்றிக்கொண்டு, தேனாக இனிக்கிறதே என்றார். ராஜா அவரைப் பரிதாபமாகப் பார்த்தார். இந்த வயதில் நாக்கு கெட்டுப்போவது சகஜம்தான், நீரும் வைத்தியரைப் பாரும் என்றார்.

அப்போதுதான் கூத்தபிரான் எழுந்தார். "அவர் நாக்கு நன்றாகத்தான் இருக்கிறது, அரசே. கஷாயமும் பானகமும் ஒரே ருசியாக இருக்க வேண்டும் என்பது உங்கள் கட்டளை. கஷாயம் இனிக்க வேண்டும் என்று நீங்கள் சொல்லவில்லை. வைத்தியர் கஷாயத்தில் கைவைக்க மாட்டார். தாண்டவராயர் பானகத்தில் கைவைக்க விடமாட்டார். மிச்சம் இருந்தது உங்கள் நாக்கு. நீங்கள் மென்ற இலைக்கு இனிப்பைத் தெரியாமல் அடிக்கிற குணம் உண்டு. இரண்டு நாழிகையில் நாக்கு பழையபடி ஆகிவிடும்."

சித்தாண்டி கண்ணை மூடிக்கொண்டார். ராஜா கஷாயத்தைப் பார்த்தார், பானகத்தைப் பார்த்தார், கட்டுப்போட்ட தன் காலைப் பார்த்தார்.

"இரண்டும் சுக்குத் தண்ணீர்தான் என்றால், காலுக்கு நல்லதையே குடித்துவிட்டுப் போகிறேன்" என்று சொல்லி, கஷாயத்தைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். பிறகு வயிறு குலுங்கச் சிரித்தார். தோட்டம் வைத்தியருடையது, வேலி முழுக்க அந்தக் கொடியே படரட்டும், நாலு வேளையும் இலையோடு கஷாயம் வரட்டும் என்று உத்தரவாயிற்று. சித்தாண்டி வாய்விட்டு அழுதார். இந்த முறை சந்தோஷத்தில்.

"கூத்தபிரான், உமக்கு என்ன பரிசு வேண்டும்?" என்று ராஜா கேட்டார்.

"பெரிதாக ஒன்றும் வேண்டாம், அரசே. அந்தப் பானகச் சொம்பை இப்படித் தள்ளினால் போதும். நான் இலை மெல்லவில்லை."