மீசை வைத்த சட்டி

ஒரு காட்டில் ஆற்று வெள்ளம் திடீரென்று ஏறிவிட்டது, பிள்ளைகளே. பெரிய விலங்குகளெல்லாம் அக்கரையில் மாட்டிக்கொண்டன. ஆற்று நடுவே ஒரு மேட்டில் நாலே நாலு குட்டிகள் தனியாக நின்றன.

குரங்குக்குட்டிக்கு வாய்ச்சவடால் அதிகம். நரிக்குட்டி யார் எதைச் சொன்னாலும் ஆமாம் போடும். கரடிக்குட்டிக்குச் சாப்பாடுதான் உலகம். நம் முயல்குட்டிக்கோ, ஏன், எதற்கு என்று கேட்காவிட்டால் தூக்கமே வராது.

"வெள்ளம் வடியும் வரை இந்த மரத்து நாவல் பழத்தைப் பங்கு போட்டுத் தின்போம்," என்றது முயல்குட்டி. காலையில் அப்படியே தின்றார்கள். கரடிக்குட்டிகூடத் தன் பங்கோடு நிறுத்திக்கொண்டது. சமர்த்துப் பிள்ளைகள்தாம்.

மத்தியானம் வெள்ளத்தில் ஒரு சட்டி மிதந்து வந்தது. கத்திரித் தோட்டத்தில் கண்பட்டுவிடாமல் இருக்க யாரோ கம்பில் கவிழ்த்து வைத்திருந்த திருஷ்டிச் சட்டி. சுண்ணாம்பில் உருட்டு விழி, கோரைப் பல். கரியில் முறுக்கு மீசை. குரங்குக்குட்டி அதை எடுத்துத் தலையில் கவிழ்த்துக்கொண்டது.

"இனிமேல் நான்தான் ராஜா."

"ஏன்?" என்றது முயல்குட்டி.

"எனக்கு மீசை இருக்கிறதே."

"ஆமாம், இருக்கிறதே," என்றது நரிக்குட்டி.

"அது சட்டியின் மீசை," என்றது முயல்குட்டி. யார் காதில் விழுந்தது?

நரிக்குட்டியும் கரடிக்குட்டியும் சேற்றைக் குழைத்து ஆளுக்கொரு மீசை இழுத்துக்கொண்டன. அவ்வளவுதான், நடையே மாறிப்போயிற்று. கரடிக்குட்டி நேராக வந்து முயல்குட்டியின் பங்கைப் பிடுங்கித் தின்றது.

"என் பழத்தை ஏன் பிடுங்கினாய்?"

"நான் எங்கே பிடுங்கினேன்? மீசை பிடுங்கியது."

நியாயம் எப்படி இருக்கிறது பாருங்கள்!

சாயங்காலம் பழமெல்லாம் தீர்ந்தது. பசி வந்தது. பசியோடு கோபமும் வந்தது.

"வெள்ளம் ஏன் வடியவில்லை தெரியுமா?" என்றது ராஜா. "இந்த மேட்டில் மீசை வைக்காதவன் ஒருவன் இருக்கிறான். அவனை ஆற்றில் தள்ளினால் வடிந்துவிடும்."

"ஆமாம், வடிந்துவிடும்," என்றது நரிக்குட்டி.

மூன்றும் சேர்ந்து வளைத்துக்கொண்டன. முயல்குட்டிக்கு நீந்தத் தெரியாது. காலையில் தன்மேல் சாய்ந்து தூங்கிய நரிக்குட்டி இப்போது பல்லைக் காட்டுகிறதே என்று நினைத்ததும் அழுகை முட்டிக்கொண்டு வந்தது. ஆனால் அழுதுகொண்டிருக்க நேரமில்லை.

"சரி, தள்ளுங்கள்," என்றது. "ஆனால் இது ராஜ காரியம் ஆயிற்றே. பெரிய மீசைக்காரர் தள்ளினால்தானே மரியாதை? உங்களில் யாருக்குப் பெரிய மீசை?"

"எனக்குத்தான்," என்றது கரடிக்குட்டி.

"ஆமாம், எனக்குத்தான்," என்றது நரிக்குட்டி. அது முதல் தடவையாகத் தனக்கே ஆமாம் போட்டுக்கொண்டது.

இரண்டும் சேற்றை அள்ளி அள்ளி அப்பின. மீசை கன்னத்துக்குப் போயிற்று, காதுக்குப் போயிற்று, கடைசியில் கண்ணையே மூடிவிட்டது. "ராஜாவைவிடப் பெரிதா?" என்று குரங்குக்குட்டி சட்டியைக் கீழே இழுத்து விட்டுக்கொண்டது. அது கழுத்தில் வசமாகச் சிக்கிக்கொண்டது. இப்போது மூன்றுக்கும் கண் தெரியவில்லை.

"எங்கேடா அந்த முயல்?"

"இதோ இருக்கிறேன்," என்று மேட்டின் விளிம்பில் நின்று சொல்லிவிட்டு முயல்குட்டி ஒதுங்கிக்கொண்டது.

மூன்றும் பாய்ந்தன. தொபுக், தொபுக், தொபுக்கடீர்.

சேறு கரைந்தது. நரிக்குட்டியும் கரடிக்குட்டியும் வேரைப் பிடித்துக்கொண்டு ஏறி, நடுங்கிக்கொண்டு உட்கார்ந்தன. குரங்குக்குட்டி மட்டும் ஓரத்தில், சட்டிக்குள் தண்ணீர் புகுந்து, மூச்சு முட்டித் தத்தளித்தது. விட்டுவிடலாமா என்று முயல்குட்டிக்கு ஒரு கணம் தோன்றத்தான் செய்தது, பொய் சொல்வானேன்? பிறகு வேரைக் கெட்டியாகப் பற்றிக்கொண்டு, பின்னங்காலால் சட்டியை ஓங்கி ஓர் உதை விட்டது. சட்டி உடைந்தது. உள்ளே ராஜாவைக் காணோம். "அம்மா, அம்மா" என்று அழுகிற ஒரு பொடிக் குரங்குதான் இருந்தது.

மறுநாள் வெள்ளம் வடிந்தது. தாய்மார்கள் ஓடிவந்து குட்டிகளைக் கட்டிக்கொண்டார்கள்.

"இத்தனை நேரம் என்னடா செல்லம் செய்தீர்கள்?" என்றது தாய்க்குரங்கு.

"விளையாடினோம் அம்மா."

"ஆமாம், விளையாடினோம்," என்றது நரிக்குட்டி.

"அவர்கள் விளையாடினார்கள், அத்தை," என்றது முயல்குட்டி. "நான் விளையாடவில்லை."

நீதி: எந்த முகத்தை மாட்டிக்கொண்டு கொடுமை செய்தாலும், செய்தது நாம்தான்.