ராசப்பன் பிடித்த லைட்

திருச்சி புத்தூரில் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் மாடியில் பர்ஹானாவின் ஸ்டுடியோ இருந்தது. அங்கே லைட்டிங் படிக்க வந்தவர் கதிரேசன். காலமெல்லாம் கல்யாண மண்டபங்களில் கேமரா தூக்கியவர், ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தார். பர்ஹானாவுக்கு முப்பதைத் தாண்டி ஒன்றிரண்டு வயது. அவர் அவளை மாஸ்டர் என்று கூப்பிட்டார், அவள் அவரை அண்ணே என்றாள். இரண்டு பேருக்கும் அது உறுத்தவில்லை. நானும் மாஸ்டர் என்றே சொல்லிவிடுகிறேன்.

கதிரேசன் எதையும் அடையாளம் வைத்துப் படிக்கிறவர். மாஸ்டர் லைட் ஸ்டாண்டை எங்கே வைக்கிறாரோ அங்கே தரையில் ஒரு துண்டு சிவப்பு டேப் ஒட்டுவார். அடுத்த ஆள் வந்தால் மாஸ்டர் வேறு இடத்தில் வைப்பார். அங்கும் ஒரு டேப். கொஞ்ச நாளில் தரை முழுக்கச் சிவப்புத் துண்டுகளாகிவிட்டன. பெருக்க வரும் அம்மா வாய்க்குள் திட்டிக்கொண்டே பெருக்கினார்.

ஒரு நாள் கதிரேசன் கேட்டேவிட்டார்.

“மாஸ்டர், மெயின் லைட்டுக்குன்னு ஒரு எடம் இருக்குமில்ல. அது எங்கன்னு சொல்லிடுங்க. நானும் எவ்வளவு டேப்புதான் வாங்கறது.”

“யாருக்கு வைக்கப் போறீங்கண்ணே?”

“பொதுவாக் கேக்கறேன்.”

“பொதுவா யாரும் வந்து உக்காரலையே” என்றார் மாஸ்டர்.

அன்று சாயங்காலம் மரகதமும் அவள் கணவர் ராசப்பனும் வந்தார்கள். ராசப்பன் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தார். விரல் இடுக்கெல்லாம் வார்னிஷ் கறை. மரகதம் பட்டுப்புடவை கட்டி, தலை நிறையப் பூ வைத்திருந்தாள். இடது தாடை வீங்கியிருந்தது.

“திங்கக்கெழம ஆபரேஷன்” என்றாள். “இந்தப் பக்கத் தாடை எலும்ப எடுத்துருவாங்களாம். அப்புறம் இந்த மூஞ்சி இருக்காது. இருக்கறப்பவே ஒரு போட்டோ எடுத்து வச்சுக்கலாம்னு வந்தோம்.”

பஸ் நேரம் சொல்வதைப் போலத்தான் சொன்னாள். ராசப்பன் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

“அண்ணே, நீங்க எடுங்க” என்றார் மாஸ்டர்.

கதிரேசன் மனசு வைத்துத்தான் செய்தார். அதில் குறை சொல்ல முடியாது. மெயின் லைட்டை மரகதத்துக்கு வலது பக்கம் உயரத்தில் வைத்தார். தலைமுடிக்கு ஒன்று, பின்னால் இருக்கும் திரைக்கு ஒன்று. வீக்கம் நிழலுக்குள் போகும்படி அவளைத் திரும்பி உட்காரச் சொன்னார். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது. “பயப்படாதீங்கம்மா” என்று அவர் சொல்லச் சொல்ல இன்னும் விறைத்துக்கொண்டாள்.

படம் மானிட்டரில் வந்தது. வீக்கம் இருந்த இடமே தெரியவில்லை. காலண்டரில் போடலாம்போல இருந்தது.

“நல்லாத்தான் இருக்கு” என்றாள் மரகதம். “ஆனா என்ன மாதிரி இல்லையே.”

மண்டபத்தில் இதைக் கேட்டுக் கேட்டுப் பழகியவர் கதிரேசன். கைவசம் ஒரு வித்தை இருந்தது. ஒரு கீயைத் தட்டிப் படத்தை இடவலமாகத் திருப்பிப் போட்டார்.

“ஆங். இப்ப நான்தான்.”

“மூக்குத்தி எடம் மாறிப்போச்சு” என்றார் ராசப்பன். வந்ததிலிருந்து அவர் பேசியது அப்போதுதான். “முந்தானையும் அந்தத் தோளுக்குப் போயிருச்சு. இது மரகதம் இல்ல.”

கதிரேசன் சிரித்தார். “அம்மா தன்னைக் கண்ணாடியிலதான பாக்கறாங்க? கண்ணாடி எல்லாத்தையும் எடம் மாத்தித்தான் காட்டும். அதனால இப்படித் திருப்பிப் போட்டா அவங்கவங்களுக்குப் பிடிச்சுரும். நம்ம பாக்கறது மொதல்ல வந்த படந்தான்.”

மரகதத்தின் முகத்திலிருந்து சிரிப்பு போய்விட்டது.

“அப்ப என் மூஞ்சிய நான் பாத்ததே இல்லையா?”

அவள் கை வீங்கிய தாடைக்குப் போனது.

“திங்கக்கெழம போகப்போறது எதுன்னுகூட எனக்குத் தெரியாதா?”

கதிரேசன் சொன்னது உண்மைதான். சொல்லாமல் இருந்திருக்கலாம். அவர் மாஸ்டரைப் பார்த்தார்.

மாஸ்டர் எழுந்து வந்து எல்லா லைட்டையும் அணைத்தார். வெளிச்சத்தை மென்மையாக்கும் சின்னத் துணிக்கூடு, அதாவது சாஃப்ட் பாக்ஸ், மாட்டிய ஒன்றை மட்டும் ஸ்டாண்டிலிருந்து கழற்றி ராசப்பன் கையில் கொடுத்தார். அந்த ஃப்ளாஷுக்குள் ஒரு பல்ப் உண்டு. வெளிச்சம் எங்கே விழப்போகிறது என்று முன்னாலேயே எரிந்து காட்டும். அதைப் போட்டுவிட்டார்.

“எங்கம்மா பிடிக்கணும்?” என்றார் ராசப்பன்.

“தெனமும் இவங்கள எங்கேருந்து பாப்பீங்களோ, அங்கேருந்து பிடிங்க.”

ராசப்பன் யோசித்தார். லைட்டோடு மனைவியை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். கடைசியில் அவளுக்கு இடது பக்கமாக வந்து தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார்.

“நான் கீழ உக்காந்துதான் சாப்பிடுவேன். இவ முக்காலி போட்டு உக்காந்து பரிமாறுவா” என்றார், ஏதோ தப்புச் செய்தவர்போல.

கதிரேசன் மாஸ்டர் பக்கத்தில் போய்க் குரலைத் தாழ்த்தினார். “வீங்குன பக்கம் மாஸ்டர். அதுவும் கீழேருந்து. டார்ச் லைட்டத் தாடைக்கு அடியில புடிச்ச மாதிரி ஆயிடும்.”

“ஆகட்டும்ணே.”

மரகதம் குனிந்து கணவரைப் பார்த்தாள். “கை நடுங்குது பாருங்க. தூக்கிப் பிடிங்க. மோட்டார மட்டும் ஒத்தக் கையில தூக்குவீங்க.”

“மோட்டார் பேசாதுல்ல.”

அவள் சிரித்துவிட்டாள். வீக்கத்தால் சிரிப்பு ஒரு பக்கம் கோணியது. மாஸ்டர் கேமராவுக்குப் பின்னால் போகவே இல்லை. ஸ்டாண்டில் நின்ற கேமராவுக்குப் பக்கத்தில் நின்றபடி கையிலிருந்த ரிமோட் ட்ரிகரை அழுத்தினார். மரகதத்தின் தோள் இந்தத் தடவை அசையவில்லை. ஃப்ளாஷ் அடித்தது அவளுக்குத் தெரிந்ததோ என்னவோ.

படம் வந்தது. வீக்கம் பளிச்சென்று தெரிந்தது. மூக்கின் நிழல் மேல்நோக்கி ஏறியிருந்தது. மரகதம் அதை வெகுநேரம் பார்த்தாள்.

“நான் இப்படியா இருப்பேன்?” என்று ராசப்பனிடம் கேட்டாள்.

“ரசம் ஊத்தட்டுமான்னு கேக்கறப்ப இப்படித்தான் இருப்ப.”

முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். “இதையே போட்டுக் குடுங்க. கொஞ்சம் பெருசாவே போடுங்க” என்றாள்.

அவர்கள் போன பிறகு கதிரேசன் ராசப்பன் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு டேப் ஒட்டினார். மாஸ்டர் பார்த்தார்.

மழைக்காலம் முடிந்த சமயத்தில் மரகதம் மறுபடி வந்தாள். தனியாக வந்தாள். முந்தானையால் வாயை மூடியிருந்தாள். நாற்காலியில் உட்கார்ந்த பிறகுதான் எடுத்தாள்.

இடது பக்கம் தாடை உள்ளே போயிருந்தது. உதட்டிலிருந்து கழுத்து வரைக்கும் தையல் தழும்பு ஓடியது. பேச்சு குழறியது. ஒவ்வொரு சொல்லையும் நிறுத்தி நிறுத்திச் சொன்னாள்.

“நோய் போயிருச்சுன்னு டாக்டர் சொல்லிட்டாரு.”

“அல்ஹம்துலில்லாஹ்” என்றார் மாஸ்டர். “அய்யா வரலையா?”

“கீழ பைக்குக்கிட்ட நிக்கறாரு. படி ஏற மாட்டேன்னுட்டாரு.”

கொஞ்ச நேரம் புடவை நுனியைச் சுருட்டிக்கொண்டிருந்தாள்.

“என்னை நல்லாத்தான் பாத்துக்கறாரு. குத்தம் சொல்லல. கஞ்சி வச்சுக் குடுக்கறாரு, மாத்திரை எடுத்துத் தராரு. மூஞ்சிய மட்டும் பாக்க மாட்டேங்கறாரு. நீங்க எடுத்த படத்த டிவிக்கு மேல மாட்டியிருக்காரு. அதப் பாத்துக்கிட்டே சாப்பிடறாரு.”

மாஸ்டரின் முகம் வாடிப்போனது. நல்ல படம் என்று மனசுக்குள் வைத்திருந்த படம் அது.

“இந்த மூஞ்சியையும் ஒண்ணு எடுத்துக் குடுங்க” என்றாள் மரகதம். “பக்கத்துலயே மாட்டிடறேன். நேர்ல பாக்கலேன்னாலும் படத்துலயாவது பாக்கட்டும்.”

கதிரேசன் இதற்குத் தயாராக இருந்தார். ராசப்பன் உட்கார்ந்த இடத்து டேப்பின் மேல் ஸ்டாண்டைக் கொண்டுவந்து நிறுத்தினார். உயரத்தைக் குறைத்து, சாஃப்ட் பாக்ஸை ராசப்பன் பிடித்த மட்டத்துக்கு இறக்கினார். அதே பக்கம், அதே பவர். இந்தத் தடவை தழும்பை மறைக்கவும் அவர் முயற்சி பண்ணவில்லை. அந்தப் பாடம் அவருக்கு ஏறியிருந்தது.

மரகதம் ஸ்டாண்டின் இரும்புக் கம்பியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அவர் எடுத்தார். ஒவ்வொரு ஃப்ளாஷுக்கும் அவள் தோள் தூக்கிப்போட்டது.

“வெளிச்சம் சரியாத்தான இருக்கு மாஸ்டர்? அதே எடந்தான்.”

“சரியாத்தான் இருக்குண்ணே. கீழ போய் அவரக் கூட்டிட்டு வாங்க. லைட் பிடிக்க ஆள் இல்லன்னு சொல்லுங்க.”

“அதான் ஸ்டாண்டு இருக்கே. அது கை நடுங்காது.”

மாஸ்டர் லைட்டை ஸ்டாண்டிலிருந்து கழற்றினார். கதிரேசன் படியிறங்கிப் போனார்.

வேலை என்று கூப்பிட்டால் ராசப்பனால் மறுக்க முடியாது. வந்தார். யாரையும் பார்க்காமல் லைட்டை வாங்கிக்கொண்டார். அன்று உட்கார்ந்த இடத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்தார். பார்வை தரையில் இருந்தது. தலை தொங்க, லைட்டும் தொங்கியது.

மாஸ்டர் ட்ரிகரை அழுத்தினார். மானிட்டரில் மரகதத்தின் மெட்டியும் புடவைக் கரையும் பளிச்சென்று விழுந்திருந்தன. முகம் இருட்டு.

“அய்யா, காலு மட்டுந்தான் வந்திருக்கு. கொஞ்சம் மேல.”

ராசப்பன் தலையைத் தூக்காமல் கையை மட்டும் தூக்கினார். மாஸ்டர் மறுபடி அழுத்தினார். வெளிச்சம் மரகதத்தின் தலைக்கு மேலே போய்ச் சுவரில் அடித்தது.

“பாக்காமப் பிடிச்சா வெளிச்சம் எங்கயோ போயிடுதுய்யா” என்றார் மாஸ்டர். “பாத்துப் பிடிங்க.”

கீழே பரிசோதனை நிலையத்தில் யாரோ டோக்கன் நம்பரைக் கூப்பிட்டார்கள். ராசப்பன் அசையாமல் இருந்தார். மரகதம் கையை மடியில் வைத்துக்கொண்டு காத்திருந்தாள்.

பிறகு ராசப்பன் தலையைத் தூக்கினார். லைட்டும் கூடவே எழுந்தது. வெளிச்சம் புடவை மடிப்பில் ஏறி, கழுத்துக்கு வந்து, தழும்பின் வழியே மேலே போய், முகத்தில் நின்றது. அவர் கை நடுங்கியதில் அவள் முகத்தின் மேல் வெளிச்சமும் நடுங்கியது.

அவர் பார்த்தார். தழும்பைப் பார்த்தார். உள்ளே போன தாடையைப் பார்த்தார். கண்ணில் நீர் கட்டியது. இரண்டு கையும் லைட்டில் இருந்ததால் துடைக்க முடியவில்லை.

“ரொம்ப வலிச்சுதா?” என்று கேட்டார்.

ஆபரேஷன் முடிந்து இத்தனை நாளில் அவர் அதைக் கேட்டது அப்போதுதான்.

“இப்ப இல்ல” என்றாள் மரகதம்.

கொஞ்சம் கழித்து, “கைய நல்லாத் தூக்கிப் பிடிங்க” என்றாள். உதடு ஒரு பக்கம் மட்டும் அசைந்தது. சிரிக்கிறாள் என்று கதிரேசனுக்கே தெரிந்தது.

கதிரேசன் கேமராவை எட்டிப் பார்த்தார். எல்லாம் சரியாக அமைந்திருந்தது. இப்படி ஒரு முகம் ஒரு மண்டபத்திலும் அவருக்குக் கிடைத்ததில்லை. மாஸ்டரின் கட்டைவிரல் ட்ரிகரின் மேல் இருந்தது. அது அழுத்தவில்லை.

“அடிங்க மாஸ்டர்” என்று கிசுகிசுத்தார்.

மாஸ்டர் நின்றபடியே நின்றார்.

“மாஸ்டர், இத விட்டா திரும்பக் கெடைக்காது.”

“எடுத்துட்டா அவர் லைட்டக் கீழ வச்சிருவாருண்ணே” என்றார் மாஸ்டர்.