சிவப்புக் காரின் சட்டை

"ஏனுங் அம்மிணி, மடியில வெத்தல வாடிட்டிருக்குது. நீங்க என்னன்னா டீயை ஊதிட்டு உக்காந்திருக்கீங்க" என்றார் செங்கோட்டுவேல்.

பிலோமினா இன்னும் கொஞ்சம் ஊதினாள்.

செங்கோட்டுவேல் திருச்செங்கோட்டில் பழைய லாரி வாங்கி விற்று ஆளானவர். அவரிடம் விலை சொல்வதற்குள் எதிராளிக்குத் தொண்டை வறண்டுவிடும். ஆனால் காருக்குப் புதுசு. அதனால் கோயமுத்தூரில் பழைய கார் யாவாரம் செய்யும் பிலோமினாவை, வயதில் சின்னவள் என்றும் பாராமல், குருவாக ஏற்றுக்கொண்டிருந்தார். ஏற்றுக்கொண்ட நாளிலிருந்து அவளோடு சண்டைதான்.

இன்றைய சண்டை ஒரு அமெரிக்கக் காருக்காக. சிவப்பு நிறம், நீண்ட மூக்கு, இரண்டே கதவு. இஞ்சினைப் போட்டால் அது நிற்கும் ஷெட்டின் தகரம் அதிரும். மசில் கார் என்பார்களே, அது.

செங்கோட்டுவேலின் மகள் இளவஞ்சிக்கு மலைக்கோயிலில் கல்யாணம். பெண்ணையும் மாப்பிள்ளையையும் அந்தக் காரின் பின்சீட்டில் உட்காரவைத்து, தானே ஓட்டி மலையிறக்க வேண்டும்.

காரின் சொந்தக்காரர் விலையைப் பாதிக்கு இறக்கிவிட்டார். வெற்றிலை மாற்றுவதுதான் பாக்கி. மாற்றிவிட்டால் செங்கோட்டுவேலின் ஊரில் யாரும் பேச்சு மாற மாட்டார்கள்.

"பாதிக்கு எப்படிண்ணா எறங்குனாரு?"

"எல்லாம் என் வாய்தான் அம்மிணி."

"அவருக்கு வாய் இல்லீங்களா?"

செங்கோட்டுவேலுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. அடித்தகரம் துருப்பிடித்திருக்கிறது, அதைச் சொல்லித்தான் விலையை அடித்தேன் என்றார். லாரி வாங்குகிறவன் எவனாவது பாடியைப் பார்ப்பானா என்று கேட்டார்.

"அடியில இருக்கற சேசிஸ் சட்டந்தான் அம்மிணி ஒடம்பு. மேல கட்டறது சட்டை. கிழிஞ்சா கழட்டிப் போட்டுட்டு வேற தெச்சுக்கறது."

பிலோமினா டம்ளரை வைத்தாள். "வாங்க போலாம்."

ஷெட்டில் அவள் இஞ்சின் மூடியைத் திறக்கவில்லை. காருக்கடியில் ஊர்ந்து போனாள். வெளியே வந்தபோது விரலில் தார் ஒட்டியிருந்தது. ஈரத் தார்; துருவின் மேல் புதிதாகப் பூசியது.

அவள் ஜாக்கி கேட்டாள். காரின் சொந்தக்காரர் எடுத்துக் கொடுத்தார். எதற்கு என்று கேட்கவில்லை.

"அண்ணா, இளவஞ்சி உக்காரப்போற எடத்துல போய் உக்காருங்க."

செங்கோட்டுவேல் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பின்சீட்டில் ஏறினார். இதெல்லாம் ஒரு பாடமா என்று முணுமுணுத்தார். அவள் இரண்டு கதவையும் சாத்தினாள். ஜாக்கியை முன்பக்கம் நடுவில் கொடுத்து ஏற்றினாள்.

மூக்கு எழுந்தது. நடு எழவில்லை.

காலடியில் என்னவோ நொறுங்கியது. மிளகாய்த்தூள் கொட்டினாற்போல் துரு கொட்டியது. கதவுக்கு மேலிருந்த இடைவெளி, உதடு மூடுவதுபோல் மூடிக்கொண்டது.

"எறங்குங்கண்ணா."

முன்சீட்டுக்கு மேலே எட்டிக் கதவின் பிடியை இழுத்தார். வரவில்லை. தோளைக் கொடுத்து இடித்தார். மறுபக்கக் கதவுக்குப் பாய்ந்தார். அதுவும் வரவில்லை.

மலைப்பாதையின் கடைசி வளைவில் இதே பின்சீட்டில் இளவஞ்சி மாட்டிக்கொண்டிருப்பது கண்முன் வந்து நின்றது.

வெளியே சொந்தக்காரர் தரையைப் பார்த்தபடி பிலோமினாவிடம் சொன்னார்.

"இந்த வண்டிக்கு லாரியாட்டம் தனியா சேசிஸ் கெடையாதுங்க. பாடிதான் எல்லாத்தயும் தாங்குது. இவரு வெலையத்தான் கேட்டாரு. இத ஒரு வார்த்தை கேக்கலீங்க."

செங்கோட்டுவேலின் கை மடிக்குப் போனது. வெற்றிலை கசங்கியிருந்தது.

"அம்மிணி" என்றார். அவர் குரலா அது என்று அவருக்கே தெரியவில்லை. "ஜாக்கிய எறக்குங்க அம்மிணி."

பிலோமினா கண்ணாடியருகே குனிந்தாள்.

"சட்டைதானுங்கண்ணா. கழட்டிப் போட்டுட்டு வெளிய வாங்க."