குன்னிக்குப் பத்திரமான இடம்

இலுப்பைப் பூ பூத்துக் கொட்டும் ஒரு காட்டில் செந்நாய்க் கூட்டம் ஒன்று இருந்தது. அதற்குத் தலைவன் செம்பராயன். நல்ல ஓட்டக்காரன், பயம் என்பதே அறியாதவன். ஆனால் குழந்தைகளே, அவனிடம் ஒரு கோளாறு. அவன் சொன்னால் சொன்னதுதான். யாராவது மறுத்துப் பேசினால் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிடும்.

அவனுக்கு ஒரே மகள், பெயர் குன்னி. வேட்டைக்குப் போகும் வயது அவளுக்கு அப்போதுதான் வந்திருந்தது.

"குன்னியின் முதல் வேட்டைக்கு ஒரு மான் போதும் அண்ணா" என்றாள் நெடுவாலி. அவள் செம்பராயனின் தங்கை.

"மானா? அதை எவன் வேண்டுமானாலும் பிடிப்பான். என் மகள் எடுத்த எடுப்பிலேயே கரடி வேட்டைக்குப் போனாள் என்று இந்தக் காடே பேச வேண்டும்!"

"கரடியா! உனக்கென்ன பைத்தியமா? சின்னப் பெண் அவள்."

"அவளைக் கரடியின் பக்கத்திலா விடப் போகிறேன்? பத்திரமான இடத்தில் உட்கார வைத்துவிட்டு நாம் போய் மடக்குவோம். எனக்குச் சொல்லித் தர வராதே."

மகள்மேல் அவனுக்குக் கொள்ளைப் பிரியம், அதையும் சொல்லத்தான் வேண்டும். மறுநாள் காலையில் கூட்டத்தை முன்னால் அனுப்பிவிட்டு அவளுக்காக இடம் தேடி அலைந்தான். புதரைப் பார்த்தான், பாம்பு இருக்கும் என்று வேண்டாம் என்றான். ஓடைப் பள்ளத்தைப் பார்த்தான். மேலிருந்து ஏதாவது பாய்ந்துவிடும் என்று அதையும் ஒதுக்கினான். கடைசியில் மலையடிவாரத்தில் ஒரு பாறைக் குகை கிடைத்தது.

"பார்த்தாயா குன்னி? மூன்று பக்கமும் பாறை, தலைக்கு மேலும் பாறை. உள்ளே வர ஒரே வழி. நான் சீழ்க்கை அடிக்கும்வரை அசையக் கூடாது."

குன்னி மூக்கைச் சுளித்தாள். "அப்பா, இங்கே கரடி வாசம் வருகிறதே?"

"கரடி வேட்டைக்கு வந்த இடத்தில் கரடி வாசம் வராமல் மல்லிகைப் பூ வாசமா வரும்? பயந்தாங்கொள்ளி!"

"பயமில்லை அப்பா. தரையெல்லாம் கறுப்பாக முடி..."

"வாயை மூடிக்கொண்டு உட்கார் என்றேன்!"

பாவம், குன்னி உட்கார்ந்தாள்.

கரடி இலுப்பை மரத்தடியில் வயிறு முட்டப் பூவைத் தின்றுகொண்டிருந்தது. செந்நாய்கள் நாலாபக்கமும் சூழ்ந்துகொண்டன. கரடி உறுமியது. ஒருவனைத் தூக்கி எறிந்தது. பின்னங்காலில் இரண்டு கடி விழுந்ததும் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஓட்டம் எடுத்தது.

"விடாதீர்கள், துரத்துங்கள்!" என்று கத்தினான் செம்பராயன். அடேயப்பா, அவனுக்கு எத்தனை குஷி! எல்லாரையும் முந்திக்கொண்டு ஓடினான்.

கடிபட்ட கரடி எங்கே ஓடும், சொல்லுங்கள் பார்ப்போம். தன் வீட்டுக்குத்தானே ஓடும்!

கரடி ஓடையைத் தாண்டியது. மலையடிவாரம் பக்கம் திரும்பியது. நேரே அந்தப் பாறையை நோக்கிப் போயிற்று. அப்போதுதான் செம்பராயனுக்கு உறைத்தது.

"ஐயோ! அங்கே என் குன்னி இருக்கிறாளே!"

சீழ்க்கை அடிக்கப் பார்த்தான். வாய் உலர்ந்துபோய் வெறும் காற்றுதான் வந்தது. அதற்குள் கரடி குகைக்குள் நுழைந்துவிட்டது. உள்ளேயிருந்து குன்னி வீரிட்டாள்.

வெளியே வர இருந்ததும் அந்த ஒரே வழிதான். அதைக் கரடியின் உடம்பு அடைத்துக்கொண்டு நின்றது.

"மாட்டிக்கொண்டது!" என்று விஷயம் தெரியாமல் குகை வாசலில் குதித்தன மற்ற நாய்கள். செம்பராயனோ ஆணி அடித்த மாதிரி நின்றான்.

"அண்ணா!" என்று அலறினாள், குன்னியின் குரலைக் கேட்டுவிட்ட நெடுவாலி. "நாம் வாசலை மறித்து நின்றால் அது எப்படி வெளியே வரும்? உள்ளே குன்னியைக் கிழித்துப் போட்டுவிடும். வழி விடச் சொல்!"

பிறந்ததிலிருந்து செம்பராயன் இன்னொருவர் பேச்சைக் கேட்டது அன்றுதான்.

"விலகுங்கள்! எல்லாரும் ஓடைக்கு அப்பால் போங்கள்!"

கூட்டம் விலகியது. பிறகு கரடி தலையை நீட்டி இரண்டு பக்கமும் பார்த்தது, நொண்டி நொண்டிக் காட்டுக்குள் போய்விட்டது. அதன் நகத்தில் ரத்தம்.

"குன்னி..." என்று கூப்பிட்டான் செம்பராயன். உள்ளே போய்ப் பார்க்க அவனுக்குக் கால் வரவில்லை.

குன்னி ஊர்ந்து வந்தாள். ஒரு காது இல்லை. பாதி முகம் ரத்தம். ஆனால் உயிர் இருந்தது.

"கண்ணே! பத்திரமான இடம் என்றுதானே அப்பா உன்னை..." என்று அழுதுகொண்டே அவள் முகத்தை நக்கப் போனான் செம்பராயன். குன்னி பின்வாங்கினாள். நடுங்கிக்கொண்டே போய் அத்தையின் பின்னால் நின்றுகொண்டாள்.

பொழுது சாய்ந்தது. ஆற்று மணலில் கூட்டம் படுக்க வந்தது. செம்பராயன் கல்லையும் முள்ளையும் காலால் தள்ளி, மணலைப் பறித்து மெத்தென்று ஓர் இடம் செய்தான்.

"இங்கே படுத்துக்கொள் குன்னி. இங்கே எதுவும் வராது."

குன்னி அந்த இடத்தைச் சுற்றிச் சுற்றி வந்து முகர்ந்தாள். அப்பாவை ஒருமுறை பார்த்தாள். பிறகு தள்ளிப்போய் வேறோர் இடத்தில் படுத்துக்கொண்டாள்.

நீதி: சிறியவர்களை ஆபத்தான காரியத்துக்கு அழைத்துப் போகிறவர், "இங்கே ஏதோ சரியில்லை" என்று அவர்கள் சொல்லும்போது அதட்டாமல் நின்று கேட்க வேண்டும்.