எழுப்ப உத்தரவில்லை

சேரன்மகாதேவி பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே இருந்த ஒரு கடையில் கணினி ஒன்று வாழ்ந்துவந்தது. அந்தக் கடையே தன்னால்தான் ஓடுகிறது என்பது அதன் எண்ணம். வருமானச் சான்றிதழ், ரயில் டிக்கெட், வேலைக்கான விண்ணப்பம் என்று ஊர்க்காரர்கள் ஒவ்வொருவராகத் தன் முன்னால் வந்து நிற்பதை அது தினமும் பார்த்தது. அவர்கள் நிற்பது கடைக்காரி ஞானசௌந்தரியின் முன்னால் என்று அதற்குத் தோன்றியதே இல்லை.

கணினியின் வயிற்றுக்குள், நெட்வொர்க் கார்டு என்று சொல்வார்களே, அந்த வலை அட்டை இருந்தது. உள்ளங்கை அளவுகூடத் தேறாது. வெளியிலிருந்து வருவதை வாங்கி உள்ளே கொடுப்பதும், உள்ளேயிருந்து போவதை வெளியே சேர்ப்பதும்தான் அதன் வேலை. வாசலில் நிற்கிற வேலை என்பதால் அதற்குப் பேரும் புகழும் கிடையாது.

அதே வயிற்றுக்குள் மின்சிக்கனமும் இருந்தது. அதற்கு உடம்பு என்று ஒன்று இல்லை. முழுக்க முழுக்க உத்தரவுகளால் ஆனது. விசைப்பலகையைப் பதினைந்து நிமிடம் யாரும் தொடவில்லை என்றால் மெல்ல எழுந்துவந்து திரையைத் தூங்கவைக்கும், தகவல் சேமிக்கிற வட்டைத் தூங்கவைக்கும், விசிறியைத் தூங்கவைக்கும். கடைசியாக வாசலுக்குப் போய், "நீயும் படு" என்று வலை அட்டையிடம் சொல்லும். வலை அட்டை மறு பேச்சுப் பேசாமல் படுத்துவிடும்.

தொல்லை ஆரம்பித்தது மூன்று மாதத்துக்கு முன்னால், கணினி கடைக்கு வந்த புதிதில், ஒரு மதியம். ஞானசௌந்தரி சாப்பிட்டுவிட்டு வந்து மவுசை அசைத்தாள். திரை எழுந்தது. வட்டு எழுந்தது. விசிறி கிர்ரென்று சுற்றியது. எல்லாம் எழுந்துவிட்டதாகத்தான் தெரிந்தது. ஆனால் இணையம் மட்டும் வரவில்லை.

கணினி உடனே அலமாரிமேல் இருந்த ரவுட்டரைக் கூப்பிட்டு விசாரித்தது. ரவுட்டர் பச்சை விளக்கைச் சிமிட்டிக்கொண்டே பதில் சொன்னது: "என்னிடம் எல்லாம் வந்து குவிந்து கிடக்கிறது. உங்கள் பக்கத்திலிருந்து வாங்கிக்கொள்ளத்தான் ஆள் வரவில்லை."

இது பொய் என்று கணினி முடிவுகட்டியது. இருந்தாலும் முறை என்று ஒன்று இருக்கிறதே என்று, உள்ளே திரும்பி, "வலை அட்டையே, இதற்கு நீ என்ன சொல்கிறாய்?" என்று ஒரு கேள்வி கேட்டுவைத்தது. வலை அட்டை ஆழ்ந்த தூக்கத்தில் இருந்தது. பதில் வரவில்லை. நம் ஆளுக்குச் சொல்ல எதுவும் இல்லை, ஆகவே குற்றம் வெளியில்தான் என்று கணினி எடுத்துக்கொண்டது. 'ரவுட்டரைச் சரிபார்க்கவும்' என்று திரையில் எழுதியும் காட்டியது.

ஞானசௌந்தரி கணினியை முழுசாக அணைத்து மறுபடி போட்டாள். அப்படி அணைத்துப் போடும்போது கணினி உள்ளே இருக்கிற ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டாக வேண்டும். பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுப்பதுபோல. வலை அட்டையின் பெயரும் வந்தது. அது துள்ளி எழுந்து வாசலுக்கு ஓடியது. இணையம் வந்துவிட்டது.

"என் கை பட்டால்தான் எதுவும் நடக்கிறது" என்றது கணினி.

இது தினமும் நடந்தது. ஞானசௌந்தரி ரவுட்டரை மாற்றினாள். கணினிக்கும் ரவுட்டருக்கும் நடுவே ஓடுகிற வயரை மாற்றினாள். இணைய நிறுவனத்திலிருந்து ஒருவர் வந்து கம்பத்தில் ஏறிப் பார்த்துவிட்டு, எல்லாம் சரியாக இருக்கிறது என்று சொல்லி இறங்கிப் போனார். புது ரவுட்டர் வந்த முதல் நாளே, மேசைக்கடியில் அட்டைப்பெட்டிக்குள் கிடந்த பழைய ரவுட்டர் அதனிடம் விஷயத்தைச் சொல்லிவிட்டது. "இங்கே எது நடந்தாலும் அது நம்மால்தான். பெட்டியில் இன்னும் ஒரு ஆளுக்கு இடம் இருக்கிறது, பயப்படாதே" என்றது. புது ரவுட்டர் அன்றிலிருந்து கொஞ்சம் வேகமாகவே சிமிட்டியது.

இப்படி இருக்கும்போதுதான் முத்துப்பேச்சி வந்தாள்.

திருநெல்வேலியில் ஒரு தனியார் மருத்துவமனையின் அறுவை சிகிச்சை வார்டில் உதவியாளராக இருப்பவள். பன்னிரண்டு வருடத்துக்கு முன்னால் ஆய்வகப் படிப்பு முடித்தவள். படித்த வேலைக்குப் போக முடியாமல் கல்யாணம், பிள்ளைகள், மாமனாரின் பக்கவாதம் என்று ஒன்று மாற்றி ஒன்று வந்துவிட்டது. இப்போது அரசு மருத்துவமனைகளுக்கு ஆய்வக உதவியாளர் வேலை அறிவித்திருந்தார்கள். வயது வரம்புப்படி அவளுக்கு இந்த ஒரு முறைதான் வாய்ப்பு. விண்ணப்பிக்க அன்று மாலை ஐந்து மணிவரை நேரம். விடுப்புக் கிடைத்ததே அன்று மதியத்துக்குத்தான்.

கடைசி நாள் என்பதால் விண்ணப்பத் தளம் நத்தையாக ஊர்ந்தது. இரண்டரை மணிக்கு உட்கார்ந்தவர்கள் நாலு மணிக்குத்தான் கடைசிப் பக்கத்துக்கு வந்தார்கள். அங்கே பார்த்தால், கைப்பேசியில் படம் எடுத்து வைத்திருந்த அனுபவச் சான்றிதழில் தேதி தெளிவாகத் தெரியவில்லை. அசலை எடுத்துவர முத்துப்பேச்சி வீட்டுக்கு ஓடினாள். ஞானசௌந்தரி அந்த நேரத்தில் வாசலில் காத்திருந்தவர்களுக்கு நகல் எடுத்துக் கொடுக்கப் போனாள்.

பதினைந்து நிமிடம் ஆயிற்று. மின்சிக்கனம் மெல்ல எழுந்தது.

முத்துப்பேச்சி மூச்சு வாங்க வந்து சேர்ந்தபோது மணி நாலு இருபது. மவுசை அசைத்ததும் திரை எழுந்தது. நிரப்பிய பக்கம் அப்படியே இருந்தது. சான்றிதழை ஸ்கேன் செய்து உரிய இடத்தில் வைத்து, ஞானசௌந்தரி 'சமர்ப்பி' என்பதை அமுக்கினாள். இணைய இணைப்பு இல்லை என்றது கணினி. ரவுட்டரைச் சரிபார்க்கச் சொன்னது.

ஞானசௌந்தரியின் விரல் பழக்கத்தில் அணைக்கிற பொத்தானுக்குப் போய், அங்கேயே நின்றது.

"அணைச்சுப் போட்டா வந்துரும்லாக்கா?" என்று கேட்டாள் முத்துப்பேச்சி.

"வரும். ஆனா ரெண்டரை மணியில இருந்து நிரப்புனது அம்புட்டும் போயிரும். மறுபடி மொதல்ல இருந்து நிரப்ப நேரம் இல்ல, தாயி."

கைப்பேசியில் அந்தத் தளம் திறக்கவே இல்லை. பக்கத்தில் வேறு இணையக் கடையும் கிடையாது. ஞானசௌந்தரி, வழக்கமாகக் கணினி பார்க்க வருகிற செய்யது மசூதைக் கூப்பிட்டாள். அவர் அம்பாசமுத்திரம் போகிற பேருந்தில் நின்றுகொண்டிருந்தார். ரவுட்டரில் விளக்கு எரிகிறதா என்று கேட்டார். எரிந்தது. வயர் ஆடுகிறதா என்று கேட்டார். ஆடவில்லை. சரி, ஒரு தடவை அணைத்துப் போடுங்கள் என்றார். அது மட்டும் முடியாது என்றாள் ஞானசௌந்தரி. மறுமுனையில் மசூது ரவுட்டர் விளக்கைப் பற்றியே மறுபடி கேட்டார். பதினான்கு வருடத் தொழிலில் அவர் செய்த வைத்தியத்தில் பாதி அணைத்துப் போடுவதுதான்.

கணினியின் உள்ளேயும் அதே நேரத்தில் கலவரம்தான். 'ரவுட்டரைச் சரிபார்க்கவும்' என்று ஏழாவது தடவை எழுதியும் எதுவும் நடக்காததால், கணினி முதன்முறையாக உள்பக்கம் ஒழுங்காகத் திரும்பிப் பார்த்தது. வாசலில் வலை அட்டை சுருண்டு படுத்துக் கிடந்தது.

"இது ஏன் படுத்திருக்கிறது?" என்று கேட்டது கணினி.

"உத்தரவு" என்றது மின்சிக்கனம்.

"எல்லாரும் எழுந்துவிட்டோமே. இதை ஏன் எழுப்பவில்லை?"

மின்சிக்கனம் தன் தாள்களை முன்னும் பின்னும் புரட்டியது. "தூங்கவைக்கச் சொல்லி எனக்கு உத்தரவு இருக்கிறது. எழுப்புவது என் பொறுப்பு என்று எங்கேயும் எழுதியிருக்கவில்லை. ஒருவேளை உங்கள் பொறுப்பாக இருக்கலாம்."

"என் பொறுப்பா? எனக்கு யாரும் சொல்லவில்லையே."

"அதையும் எங்கேயும் எழுதியிருக்கவில்லை" என்றது மின்சிக்கனம்.

இரண்டும் வலை அட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றன. கொஞ்சம் தட்டினால் போதும், அது எழுந்துவிடும். ஆனால் தட்டுவதற்கு எதற்கும் உத்தரவு இல்லை.

வெளியே மணி நாலு நாற்பது. ஞானசௌந்தரிக்கு அழுகை வரும்போல இருந்தது. முத்துப்பேச்சி மட்டும் அசையாமல் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். வார்டில் எத்தனையோ பேரின் பதற்றத்தைப் பார்த்துப் பழகியவள்.

"அக்கா, இது தூங்கி எழுந்ததுக்கு அப்புறந்தானே இப்படி?" என்று கேட்டாள்.

ஆமாம், எப்போதுமே அப்படித்தான் என்றாள் ஞானசௌந்தரி.

"எங்க வார்டுல முதுகுல ஊசி போட்டு ஆப்பரேஷன் பண்ணுனவங்க வெளிய வரும்போது கண்ணு முழிச்சிருப்பாங்க, நல்லாப் பேசுவாங்க. எழுந்தாச்சுன்னு சொந்தக்காரங்க நெனச்சிருவாங்க. காலு மட்டும் இன்னும் தூங்கிட்டிருக்கும். அதை நாங்கதான் தொட்டுத் தொட்டுப் பார்ப்போம். இதுக்குள்ள நெட்டை வாங்குற சாமான் எதுவோ, அது இன்னும் எழுந்திருக்கலையோ என்னமோ. அதை மட்டும் தனியா எழுப்ப வழி இருக்கான்னு கேளுங்க."

கைப்பேசி ஒலிபெருக்கியில் இருந்தது. பேருந்தின் இரைச்சலுக்கு நடுவே மசூதின் குரல் வந்தது. "அக்கா, யாரு அது பேசுறது? அவங்க சொல்றதுதான் சரி. நான் சொல்ற மாதிரி செய்யுங்க."

அவர் ஒவ்வொன்றாகச் சொல்ல, ஞானசௌந்தரி செய்தாள். கணினிக்குள் என்னென்ன இருக்கின்றன என்று காட்டும் பட்டியலைத் திறந்தாள். அதில் வலை அட்டையின் வரியைக் கண்டுபிடித்தாள். அதன்மேல் வலது பொத்தானை அமுக்கி 'முடக்கு' என்பதைத் தேர்ந்தெடுத்தாள். அது மங்கிப்போனது. அதே இடத்தில் இப்போது 'இயக்கு' என்று இருந்தது. அமுக்கினாள்.

உள்ளே, வலை அட்டையின் காதில் அதன் பெயர் விழுந்தது. கண்ணைத் திறந்து பார்த்தால் தலைமாட்டில் கணினியும் மின்சிக்கனமும் நின்றுகொண்டிருந்தன.

"மணி என்ன?" என்றது வலை அட்டை.

நாலு ஐம்பத்தொன்று என்றன. அது வேறு எதுவும் கேட்கவில்லை. ஏன் எழுப்பவில்லை என்றுகூடக் கேட்கவில்லை. வாசலுக்கு ஓடியது.

"எங்கே போயிருந்தாய்?" என்றது ரவுட்டர், கொஞ்சம் கோபமாக.

"எங்கேயும் போகவில்லை. இங்கேயேதான் இருந்தேன்" என்றது வலை அட்டை.

ஞானசௌந்தரி 'சமர்ப்பி'யை மறுபடி அமுக்கினாள். திரையில் ஒரு வட்டம் சுற்றியது. சுற்றிக்கொண்டே இருந்தது. வாசலில் நகலுக்கு நின்றவர்கள்கூட உள்ளே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்கள். நாலு ஐம்பத்தாறுக்கு வட்டம் மறைந்து விண்ணப்ப எண் வந்தது. முத்துப்பேச்சி அந்த எண்ணை வாய்க்குள் ஒரு தடவை படித்துப் பார்த்தாள். பிறகு நாற்காலியின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு, சான்றிதழோடு ஓடிவந்ததிலிருந்து முதல் தடவையாக உட்கார்ந்தாள். தண்ணீர் இருக்குமா என்று கேட்டாள்.

மசூது இன்னும் இணைப்பில்தான் இருந்தார். இன்னொரு சின்ன வேலை பாக்கி இருக்கிறது என்றார். வலை அட்டையின் வரியை இரண்டு தடவை தட்டி, மின்சாரம் பற்றிய பக்கத்தைத் திறக்கச் சொன்னார். 'மின்சாரத்தைச் சேமிக்க இந்தச் சாதனத்தை அணைத்துவைக்கக் கணினிக்கு அனுமதி' என்று ஒரு வரி இருந்தது. பக்கத்துக் கட்டத்தில் ஒரு டிக் இருந்தது.

"இந்த டிக்கை யாரு போட்டா?" என்று கேட்டாள் ஞானசௌந்தரி.

"யாரும் போடலக்கா. வாங்கும்போதே போட்டுத்தான் வரும். நாமதான் பார்க்கிறதில்ல."

ஞானசௌந்தரி டிக்கை எடுத்துவிட்டாள். மூன்று மாதமாக அந்தப் பக்கத்தை ஒரு தடவைகூடத் திறந்து பார்க்காத தன்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. மேசைக்கடியில் குனிந்து அட்டைப்பெட்டியை வெளியே இழுத்து, பழைய ரவுட்டரைக் கையில் எடுத்துத் துணியால் துடைத்தாள். என்ன செய்வது என்று தெரியாமல் அதை மேசைமேல் வைத்தாள். பழைய ரவுட்டர் புதியதை ஒரு பார்வை பார்த்தது.

மின்சிக்கனத்துக்குத்தான் வருத்தம். தன் தாள்களிலிருந்து ஒரு உத்தரவு குறைந்துவிட்டதே என்று அதற்கு மாலை முழுக்க மனசே சரியில்லை.

கணினிகளுக்கு ஒரு வழக்கம் உண்டு. அன்றன்று உள்ளே நடந்ததை எல்லாம் யாரும் படிக்காத ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்துவிடும். கடை சாத்துவதற்கு முன்னால், நம் கணினியும் நிறைய யோசித்து அன்றைய நிகழ்வை இப்படிப் பதிவு செய்தது:

"மாலை 4.51. பணி நேரத்தில் வலை அட்டை உறங்கிக்கொண்டிருந்தது கண்டுபிடிக்கப்பட்டு, உரிய நேரத்தில் எழுப்பப்பட்டது. இனி இவ்வாறு உறங்கக் கூடாது என்று கண்டிப்புடன் அறிவுறுத்தப்பட்டுள்ளது."