எதிர்ப்புறக் கோல் கம்பம்

மேகம் இறங்கி கால்பந்து மைதானத்துப் புல்லோடு படுத்திருந்தது. சுண்ணாம்புக் கோடுகள் பத்தடி போய்க் கரைந்துவிட்டன. கோடு போடும் பெள்ளியம்மா கோல் கம்பத்தருகே நின்று பேச்சைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"மூணு மணிக்கு உங்க டீம் இறங்கலேன்னா தோத்ததா எழுதிடுவேன்" என்றார் தேசிய சம்மேளனத்து அதிகாரி. தோற்றால் கிளப் இந்த லீக்கை விட்டே போக வேண்டியதுதான். ஆட்டக்காரர்களின் பஸ்ஸோ மலைப்பாதையில் வழி தெரியாமல் நின்றிருந்தது.

"பனி ரொம்ப இருக்கே சார்" என்றார் கிளப் செயலாளர்.

"இந்தக் கோல்லேர்ந்து அந்தக் கோல் தெரிஞ்சா ஆடலாம். அதான் விதி. எனக்குப் பளிச்சுனு தெரியுது."

பெள்ளியம்மா பணிவாக முன்னே வந்தாள். "அங்க வலை நேரா இருக்கானு பாத்துச் சொல்லுங்கய்யா. எனக்குக் கண்ணு மங்கல்."

அதிகாரி கண்ணைச் சுருக்கினார். "இடது பக்கம் கொஞ்சம் தொய்வு. மத்தபடி சரி."

"அப்படிங்களா? பெயின்ட் காயட்டும்னு அந்தப் பக்கத்துக் கோல் கம்பத்தை நாங்க இன்னும் நடவே இல்லீங்களே. உங்க பின்னாடிதான் கிடக்குது. மூணுக்குள்ள நட்டுடுவோம்."

அதிகாரி திரும்பிப் பார்த்தார். பேனாவைத் திறந்தார்.

"ஆட்டத்தைத் தள்ளி வைக்கக் காரணம் என்னனு எழுதுறீங்கய்யா?" என்று கேட்டாள் பெள்ளியம்மா.

"பனி" என்றது அதிகாரியின் குரல். ஆளை மேகம் மூடியிருந்தது.